பட்டாளமா, கல்லூரியா: வேலூர் அருகே இயங்கும் ஒரு ராணுவப் பயிற்சி மையம் பற்றிய மதிப்பீடு

பிளஸ் டூ முடித்த என் அண்ணன் மகன், கோடை விடுமுறையில் வேலூருக்கு அருகே உள்ள ஒரு ராணுவப் பயிற்சி மையத்தின் விடுதிப் பிரிவில் தங்கிப் பயின்றான். இப்போது அதே மையத்தின் வார இறுதிப் பிரிவுக்குச் சென்று வருகிறான். அவனுடைய தந்தை வெளியூரில் பணிபுரிவதால், சேர்க்கை முதல் கட்டணம் வரை எல்லாவற்றையும் உடனிருந்து பார்க்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. மையத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே நான் கண்ட நிறைகளும் குறைகளும் இந்த வட்டாரத்தின் வேறு பல மையங்களிலும் காணப்படுபவை என்பதே காரணம். பிள்ளையைச் சேர்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தால், எந்த மையத்தின் வாசலில் நின்றாலும் அது பயன்படும்.

முதலில் மையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் நடத்துகிறார். அவருக்குத் துணையாக முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் ஓட்டப் பயிற்சிக்கும், கல்லூரி முடித்த இளைஞர்கள் இருவர் எழுத்துத் தேர்வுக்கும் இருக்கிறார்கள். தகரக் கூரை போட்ட நீண்ட கூடம் ஒன்றில் இரும்புக் கட்டில்கள்; அதை ஒட்டிச் சமையற்கூடம்; பின்புறம் ஏரிக்கரையை ஒட்டிச் சமன்செய்யப்பட்ட மண் மைதானம். விடுதிப் பிரிவுக்கு உணவு, தங்குமிடம், வகுப்பு எல்லாம் சேர்த்து மாதம் 9,000 ரூபாய் வாங்குகிறார்கள். வார இறுதிப் பிரிவுக்கு மாதம் 1,500 ரூபாய். காலையில் முளைகட்டிய பயறும் முட்டையும், மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், இரவில் சப்பாத்தி என்று உணவு எளிமையாகவும் தவறாமலும் கிடைக்கிறது. குடிநீரும் கழிப்பறையும் சுத்தமாக உள்ளன. இந்தச் செலவில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

உடற்பயிற்சி இந்த மையத்தின் உண்மையான பலம். தரைப்படையின் உடல்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடுபவருக்கு 60 மதிப்பெண்ணும், கம்பியைப் பிடித்துப் பத்து முறை உடலை உயர்த்துபவருக்கு 40 மதிப்பெண்ணும் கிடைக்கும். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதிலும் வளைந்து செல்லும் குறுகிய கட்டையின் மீது நடப்பதிலும் தேறினால் போதும். அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. மைதானத்தில் 400 மீட்டர் ஒரு சுற்றாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். நான்கு சுற்றுகளையும் ஐந்தரை நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 82 விநாடி என்ற கணக்கு வருகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே பயிற்சியாளர் கையில் கடிகாரத்துடன் கோட்டருகே நின்று, ஒவ்வொருவரும் கடக்கும்போது விநாடியை உரக்கச் சொல்கிறார். முதல் சுற்றை 72 விநாடியில் ஓடி முடித்துப் பெருமையுடன் திரும்பிப் பார்த்த ஒரு பையனை அவர் பாராட்டவில்லை. "தம்பி, இப்ப செலவு பண்ணிட்ட, நாலாவது ரவுண்டுக்கு என்ன வெச்சிருக்க?" என்று கேட்டார். அவர் சொன்னபடியே மூன்றாம் சுற்றின் நடுவில் அந்தப் பையனின் தோள்கள் உயர்ந்து, கைவீச்சு குறுகிவிட்டது. ஒரே சீராக ஓடப் பழக்குவதில் இவர்கள் காட்டும் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கம்பிப் பயிற்சியிலும் இதே கண்டிப்பு உண்டு. உடலை ஊஞ்சலாட்டி மேலே ஏறுவதை இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. முகவாய் கம்பிக்கு மேலே வர வேண்டும், கீழே இறங்கும்போது முழங்கை முழுவதும் நீள வேண்டும், அப்போதுதான் எண்ணுவார்கள். ஆள்சேர்ப்பு முகாமிலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள் என்பதால், மையத்தில் ஆறு எடுத்தவன் முகாமிலும் ஆறு எடுப்பான். மருத்துவப் பரிசோதனைக்கும் முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறார்கள். முழங்கால்கள் உரசுகின்றனவா, பாதம் தட்டையாக இருக்கிறதா, பற்கள் எப்படி, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று சேர்ந்த வாரத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். காது அழுக்கு போன்ற சின்னக் குறைக்காகவே பிள்ளைகள் மறுபரிசோதனைக்கு அலைவதுண்டு. முழங்கையின் மேற்புறத்தில் பெயர் பச்சை குத்தியிருந்த ஒரு மாணவனிடம், முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையை மட்டுமே அனுமதிப்பார்கள் என்று எடுத்துச் சொல்லி, அவனிடம் பணம் வாங்காமல் வேறு வழியைப் பார்க்கச் சொன்னதை நான் நேரில் கண்டேன். வருமானத்தை இழந்தும் உண்மையைச் சொன்ன அந்தச் செயலுக்காகச் சுபேதார் மீது எனக்கு மதிப்பு உண்டு. பணம் கொடுத்தால் வேலை என்று சொல்லும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம் என்று பெரிய எழுத்தில் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

எழுத்துத் தேர்வுப் பயிற்சி நடுத்தரம். 2023 முதல் கணினி வழிப் பொது நுழைவுத் தேர்வை முதலில் எழுதித் தேறியவர்களே ஓட்டத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். முன்பு போல் ஓட்டம் முதலில் வருவதில்லை. 2025 முதல் அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அப்படியிருக்க, மையத்தில் தரும் குறிப்புகளில் பாதி இன்னும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பொது அறிவும் எளிய கணக்கும் நன்றாக நடத்துகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதால் எந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லித் தருகிறார்கள். தொழில்நுட்பப் பிரிவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குத் தேவையான இயற்பியல், வேதியியல் வகுப்புகள் பெயரளவில்தான் நடக்கின்றன. கணினியில் மாதிரித் தேர்வு எழுத நான்கு கணினிகள் இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கைக்கு அவை போதாது.

இனி, நான் இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 17, 18 வயதுக்காரர்கள். இப்போதே படையில் சேர்வதா, முதலில் ஒரு பட்டம் படிப்பதா என்ற கேள்வியோடு அவர்கள் பெற்றோருடன் அந்த அலுவலக அறைக்குள் நுழைகிறார்கள். அவர்களுக்குச் சரியான தகவலை முழுமையாகக் கொடுப்பது ஒரு பயிற்சி மையத்தின் கடமை என்று நான் கருதுகிறேன். இந்த மையம் அந்தக் கடமையில் பாதியைத்தான் செய்கிறது.

சேர்க்கை நாளில் சுபேதார் ஐயா எங்களிடம் கூறியது இதுதான்: "காலேஜ் எப்ப வேணாலும் படிக்கலாம் சார். பட்டாளத்துக்கு வயசு போனா போனதுதான்." அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவர் சேர்ந்த காலத்தில் அது முழு உண்மை. வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு வீடு ராணுவத்தார் உள்ள கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், பத்தாம் வகுப்பு முடிந்ததும் படைக்குப் போய், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்து, நாற்பது வயதுக்குள் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பி, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ இரண்டாவது பணியில் அமர்ந்து குடும்பத்தை உயர்த்தியவர்கள் பலர். அந்தத் தலைமுறை தரும் அறிவுரைக்குப் பின்னால் அந்த வாழ்க்கை இருக்கிறது. ஆனால் 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, சிப்பாயாகச் சேரும் வாசலின் நிபந்தனைகள் மாறிவிட்டன. பழைய நிபந்தனைகளை வைத்துச் சொல்லும் அறிவுரையைப் புதிய நிபந்தனைகளின் மீது பொருத்திப் பார்க்காமல் பின்பற்றுவது பிள்ளைக்கு நன்மை தராது.

புதிய நிபந்தனைகளை ஒவ்வொரு பெற்றோரும் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அக்னிபத் திட்டத்தில் சேரும் சிப்பாய்க்கு அக்னிவீரர் என்று பெயர்; அவருடைய பணிக்காலம் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். முதலாண்டு மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி, 33,000, 36,500 என்று உயர்ந்து, நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய் தொகுப்பூதியம். அதில் 30 சதவீதம் சேவா நிதிக்காகப் பிடிக்கப்படுவதால் கைக்கு வருவது முறையே 21,000, 23,100, 25,550, 28,000 ரூபாய். பிடித்தம் செய்த தொகைக்குச் சமமான தொகையை அரசும் செலுத்துகிறது. நான்காண்டு முடிவில் வட்டியுடன் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய், வருமான வரி இல்லாமல் கிடைக்கும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. அதற்குப் பிடித்தம் இல்லை. நான்காண்டு முடிந்தபின் ஓர் அணியில் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் 22, 23 வயதில் ஊர் திரும்ப வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் அவர்களுக்கு 10 சதவீத இட ஒதுக்கீடு 2022-இல் அறிவிக்கப்பட்டது.

மையத்தின் சுவரொட்டியில் 11.71 லட்சம் என்ற எண் மட்டும் சிவப்பு நிறத்தில் பெரிதாக இருக்கிறது. அது அரசு தரும் பரிசுத்தொகை என்றே நான் பேசிய பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால், நான்காண்டுகளில் அவர்களுடைய சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவது 5,02,200 ரூபாய், அரசு செலுத்துவதும் அதே தொகை, மீதி வட்டி. அந்தப் பணத்தில் பாதி பிள்ளையின் சொந்தச் சேமிப்பு. இது மோசமான திட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பதினெட்டு வயதில் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கையில் பெற்று, உணவும் உடையும் உறைவிடமும் கிடைத்து, இருபத்திரண்டு வயதில் பத்து லட்சத்துக்கு மேல் சேமிப்புடன் வருவது, கடன் சுமையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பெரிய விடுதலை. ஆனால் 25 சதவீதம் என்ற எண்ணும் 11.71 லட்சம் என்ற எண்ணும் ஒரே அளவு எழுத்தில் சுவரில் இருந்திருக்க வேண்டும்.

வயது போய்விடும் என்ற அச்சத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். திட்டத்தை அறிவித்தபோது வகுக்கப்பட்ட வயது 17½ முதல் 21 வரை. தொடக்க ஆண்டான 2022-இல் 23 வரை தளர்த்தினார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் 17 வயதில் பிளஸ் டூ முடிக்கிறார்கள். மூன்றாண்டுப் பட்டத்தை 20 வயதில் முடித்துவிடுகிறார்கள். பொதுப்பணிப் பிரிவுக்குக் கேட்கும் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் பாடந்தோறும் 33 சதவீதமும்தான். ஆகவே கல்லூரியில் படித்துக்கொண்டே ஆண்டுதோறும் விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பின் இறுதியாண்டு வரையிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாய்ப்பு இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கையில் தரப்படும் பிறந்த தேதி வரம்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கல்லூரிக்குப் போனால் பட்டாளத்தின் கதவு மூடிவிடும் என்று ஒரு தாயிடம் சொல்வது, அவருக்குத் தேவையற்ற அவசரத்தை உண்டாக்குகிறது.

அவசரத்தின் விலை இன்னொரு இடத்திலும் தெரிகிறது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அக்னிவீர் விண்ணப்பம் பிப்ரவரி அல்லது மார்ச்சில் தொடங்கி, பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மே மாதத்தில் மையத்தின் விடுதியில் சேரும் மாணவன், முன்னரே விண்ணப்பித்திருந்தால் அன்றி, அடுத்த ஆண்டின் விண்ணப்பத்துக்காகத்தான் ஓடத் தொடங்குகிறான். அதுவரை பத்து மாதங்களுக்கு மேல் விடுதியில் இருந்தால் கட்டணம் ஒரு லட்சத்தை நெருங்கும். அதே காலத்தில் அரசு கலைக் கல்லூரியில் ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சில ஆயிரம் ரூபாயே ஆகும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே வரும். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் உண்டு. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்பதும் நடைமுறையில் உள்ளன. இவற்றில் எதையும் மையத்தின் அலுவலக அறையில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இந்த மையத்தின் மீது என் மனத்தில் உள்ள மிகக் கடுமையான குறை சான்றிதழ் பற்றியது. விடுதிப் பிரிவில் சேரும்போது பள்ளி மாற்றுச் சான்றிதழின் மூலத்தையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் மூலத்தையும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். இடையில் நின்றுவிடும் மாணவர்கள் கட்டண பாக்கியைச் செலுத்தாமல் போய்விடுகிறார்கள் என்பது அவர்கள் கூறும் காரணம். அவர்களுடைய நட்டம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை சரியாக அந்த மே, ஜூன் மாதங்களில்தான் நடக்கிறது. கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தால் மூலச் சான்றிதழுடன் குறித்த நாளில் நிற்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு அழைப்பு வந்தபோது, அலமாரிச் சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்று எங்களை அலையவிட்டார்கள். கலந்தாய்வுக்கு முந்தைய நாள் மாலையில்தான் சான்றிதழ் கைக்கு வந்தது. அவனோடு தங்கியிருந்த இன்னொரு மாணவனுக்கு அந்த நாள் தவறிப்போயிற்று. கூலி வேலைக்குச் செல்லும் அவனுடைய தாயார் மையத்தின் வாசலில் நின்று ஒன்றும் கேட்கத் தெரியாமல் திரும்பிச் சென்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. பிள்ளையின் முன்னே இரண்டு பாதைகள் இருக்கும் பருவத்தில், ஒரு பாதைக்கான சீட்டைப் பூட்டி வைக்க எந்த மையத்துக்கும் உரிமை கிடையாது. நகலைக் கொடுங்கள், வற்புறுத்தினால் ஒரு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுங்கள், மூலச் சான்றிதழை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது குறை, அதிகாரியாகச் சேரும் வழிகளைப் பற்றிய முழு மௌனம். பிளஸ் டூ தகுதியிலேயே யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வை எழுதலாம், அதற்குரிய வயது 16½ முதல் 19½ வரை. தேறினால் கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுப் பயிற்சியுடன் பட்டமும் கிடைக்கும். படையா பட்டமா என்ற கேள்விக்கே இடமில்லாத வழி அது. பட்டம் பெற்றவர்களுக்கு சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி.யில் மூன்றாண்டு இருந்து 'சி' சான்றிதழைக் குறைந்தது 'பி' தரத்தில் பெற்று, பட்டத்தில் 50 சதவீதம் எடுத்தவருக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல், படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு நேரடியாகச் செல்லும் தனி வழியும் உண்டு. சி.டி.எஸ்., என்.சி.சி. ஆகிய இவ்விரு வழிகளிலும் குறுகிய காலப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்களில் பலர் பயிற்சி பெறுவது சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். 1963 முதல் அங்கே இயங்கும் அந்த நிறுவனம், இந்த மைதானத்திலிருந்து மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. நான் பேசிய பிள்ளைகளில் ஒருவரும் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

எஸ்.எஸ்.பி. எளிதானதன்று. ஐந்து நாள்கள் நடக்கும் அந்தத் தேர்வில் முதல் நாளே பாதிக்கு மேற்பட்டோரைத் திருப்பி அனுப்புவது வழக்கம். ஆங்கிலத்தில் தயங்காமல் பேச வேண்டும். தமிழ்வழியில் படித்த கிராமத்துப் பிள்ளைக்கு அதுவே பெரிய மலை. குறுகிய காலப் பணியும் பத்து ஆண்டுகளுக்குத்தான், விரும்பினால் மேலும் நான்கு ஆண்டுகள். நிரந்தரப் பணி கிடைக்காதவருக்கு அங்கேயும் ஓய்வூதியம் இல்லை. ஆனாலும், மூன்று ஆண்டுகள் கல்லூரியில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலத்தைச் சீராக்கவும் என்.சி.சி. முகாம்களில் முன்நின்று பேசிப் பழகவும் காலம் கிடைக்கிறது. முயன்று கிடைக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். குரூப் தேர்வுகள், காவல் உதவி ஆய்வாளர் தேர்வு, வங்கித் தேர்வு எல்லாம் திறந்திருக்கும். என்.சி.சி.யில் சேர்க்கை முதலாண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், இடங்களும் குறைவு. ஆகவே இந்த வழியை நினைப்பவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கே என்.சி.சி. தரைப்படைப் பிரிவு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். ஒரு பயிற்சி மையம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

சுபேதார் ஐயாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் சிப்பாயா சேர்ந்து சுபேதாரா வெளியே வந்தவன் சார். எனக்குத் தெரிஞ்ச ரோட்டைத்தான் நான் காட்ட முடியும்" என்றார். நேர்மையான பதில். ஆனால் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனம், தன் உரிமையாளர் நடந்து வந்த பாதையோடு நின்றுவிட முடியாது. மாதத்துக்கு ஒருமுறை ஓர் என்.சி.சி. அலுவலரையோ ஓய்வு பெற்ற அதிகாரியையோ அழைத்துப் பேச வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்.

உடனே சேர்வதே சரி என்று நான் கருதும் பிள்ளைகளும் இதே விடுதியில் இருந்தார்கள். ஒரு மாணவனுடைய தந்தை பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தங்கையின் படிப்பும் வட்டிக் கடனும் அவன் தலையில். பத்தாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண். பாடப் புத்தகத்தின் மீது நாட்டமில்லை. ஓட்டத்திலோ மையத்திலேயே முதலிடம். அவனுக்கு மூன்றாண்டு காத்திருப்பு என்பது குடும்பத்துக்குத் தாங்க முடியாத ஒன்று. அவன் பத்தாம் வகுப்புத் தகுதியில் முன்னரே விண்ணப்பித்து, தேர்வும் எழுதியிருந்தான். அவனைப் போன்றவர்களுக்கு இந்த மையத்தின் விடுதிப் பிரிவு கொடுக்கும் காசுக்கு மேல் பயன் தரும். அவர்களுக்கும் படிப்பு அறுந்துவிட வேண்டியதில்லை. அக்னிவீரர்களுக்கென்று இக்னோ பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஒன்றை வகுத்திருக்கிறது. அதில் பாதி மதிப்பீட்டுப் புள்ளிகள் படையில் பெறும் தொழில்திறன் பயிற்சிக்காகவே வழங்கப்படுகின்றன. பணியில் சேர்ந்த முதலாண்டிலேயே அதைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்துகொண்டால், இருபத்திரண்டு வயதில் திரும்பி வரும்போது பட்டமும் இருக்கும். ஆனால் நான்காண்டுக் காலத்தில் திருமணம் செய்துகொள்ள முடியாது என்பதையும், விருப்பப்பட்டபோது பணியை விட்டு வந்துவிட முடியாது என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினரின் நான்காண்டு, 2026 இறுதியையும் 2027 தொடக்கத்தையும் ஒட்டி நிறைவடைகிறது. அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் யாரேனும் இருந்தால், எந்தச் சுவரொட்டியையும் நம்புவதற்கு முன் அவர்களிடம் பேசுங்கள்.

எங்கள் பிள்ளையின் நிலை வேறு. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண், வீட்டில் உடனடி நெருக்கடி இல்லை, படையின் மீது உண்மையான ஆசை. "சித்தப்பா, நான் காலேஜ் போனா இந்த ஆசை விட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று அவன் சொன்னதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசையைக் காக்கும் வழியையும் இந்த மையமே தந்தது என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும். அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்து, என்.சி.சி.யில் இடம்பெற்று, சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் அதே மைதானத்தில் ஓடுகிறான். மையத்தினர் அதிகம் விளம்பரப்படுத்தாத அந்த வார இறுதிப் பிரிவுதான் அவர்களுடைய மிகச் சிறந்த சேவை என்பது என் முடிவு. விடுதிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அதே பயிற்சியாளர், அதே கண்டிப்பு, அதே கம்பி. கட்டணமோ ஆறில் ஒரு பங்கு. வார நாள்களில் தானே ஓட வேண்டிய தூரத்தை ஒரு சிறு நோட்டில் எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை வந்ததும் அதைத் திருத்திப் பார்க்கிறார்கள். ஒரே குறை, எழுத்துத் தேர்வு வகுப்பு வார இறுதிப் பிரிவினருக்கு மிகக் குறைவு. கல்லூரி நூலகத்தைக் கொண்டு அதை ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

உடற்பயிற்சிக்காகவும் நேர்மையான நிர்வாகத்துக்காகவும் இந்த மையத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்; எழுத்துத் தேர்வுக்குப் பாதி; வழிகாட்டுதலுக்குக் கால் பங்குதான். சான்றிதழை வாங்கி வைக்கும் வழக்கத்தை அவர்கள் கைவிடும் வரை, விடுதிப் பிரிவை யாருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்க என்னால் இயலாது. நேரில் சென்று பார்க்க விரும்புபவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் பயிற்சியை அருகிலிருந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். ஓட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அவர்களிடமும் பேசலாம். வார இறுதிப் பிரிவுக்கு ஜூலை முதல் வாரத்தில் பெயர் பதிய வேண்டும். கல்லூரி அடையாள அட்டையின் நகலும் ஒரு மருத்துவச் சான்றும் போதும், வேறு எதையும் கேட்பதில்லை.